பழைய கைத்துப்பாக்கி வாரிசாக வந்தால்: லைசென்ஸ், சோதனை, தோட்டா, இடுப்பில் வைப்பது

வீட்டுப் பெரியவர் லைசென்ஸோடு வைத்திருந்த ரிவால்வரோ பிஸ்டலோ அவர் காலத்துக்குப் பிறகு உங்கள் கைக்கு வந்திருக்கிறதா? அதை உங்கள் பெயருக்கு மாற்றி, தற்காப்புக்காகத் தினமும் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்களா? என் மாமனாரின் .32 ரிவால்வருக்காக நான் இதே பாதையில் அலைந்தேன். எந்த அலுவலகத்திலும் முழு விவரத்தையும் ஒரே ஆள் சொல்லவில்லை. ஆளுக்கொரு துண்டாகச் சொன்னதைச் சேர்த்து, தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குப் பயன்படும்படி வரிசையாக எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் காகித வேலை முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். லைசென்ஸ் கையில் வந்த பிறகும் அந்தப் பழைய இரும்பு சுடுமா, சுட வேண்டாத நேரத்தில் சுடாமல் இருக்குமா என்ற கேள்வி அப்படியே நிற்கும். இரண்டும் தேறினால்தான் அதை இடுப்பில் வைக்கலாம்.

1. முதல் வேலை, ஒப்படைப்பது

லைசென்ஸ் இறந்தவரின் பெயரில் இருந்தது. அவர் இறந்ததோடு அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கும் உரிமையும் முடிந்துவிட்டது. 1959 ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி வாரிசுகள் அதைத் தேவையில்லாத தாமதமின்றி பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். ‘பதினாறாம் நாள் காரியம் முடியட்டும்’, ‘வாரிசு சான்றிதழ் வரட்டும்’ என்று பீரோவில் பூட்டி வைப்பதுதான் எல்லாரும் செய்வது. உரிமமில்லாமல் வைத்திருந்ததற்கு 25ஆம் பிரிவில் வழக்கு வந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 2 ஆண்டு சிறை, அதிகபட்சம் 5 ஆண்டு. அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

நீங்களே பையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பவும் வேண்டாம். முதலில் காவல் நிலையத்துக்குப் போன் செய்து, இறந்தவரின் பெயர், லைசென்ஸ் எண், துப்பாக்கி விவரம் எல்லாம் சொல்லுங்கள். சிலர் ஒரு காவலரை வீட்டுக்கே அனுப்புவார்கள், சிலர் கொண்டுவரச் சொல்வார்கள். கொண்டுவரச் சொன்னால் அசல் லைசென்ஸ், இறப்புச் சான்றிதழ் இரண்டும் உடன் இருக்கட்டும். துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும். காலி செய்யத் தெரியாவிட்டால் தொடாமல் அவர்களையே வரச் சொல்லுங்கள்.

ஸ்டேஷனா, டீலரா? என்னைக் கேட்டால் டீலர்தான். வாடகை கேட்பார், ஆனால் எண்ணெய் துடைத்து வைப்பார். ஸ்டேஷன் அறையில் மாதக்கணக்கில் கிடந்தால் துரு ஏறும், யாரையும் குறை சொல்ல முடியாது. எங்கே கொடுத்தாலும் ரசீதில் துப்பாக்கியின் வகை, போர் (bore, குழலின் துளை அளவு), எண், தோட்டாக்களின் எண்ணிக்கை நான்கும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தோட்டாவை எழுத மறப்பார்கள், பிறகு கணக்கு இடிக்கும். ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு அது உதவும்.

2. உங்களிடம் இருப்பது எது என்று கண்டுபிடியுங்கள்

சட்டத்தின் பார்வையில் துப்பாக்கியின் வயதைவிட அதன் போர்தான் முக்கியம். .32 ரிவால்வர், 7.65 மி.மீ. என்றும் அழைக்கப்படும் .32 பிஸ்டல், .25 பிஸ்டல், .22 ஆகியவை சாதாரண வகை. 9 மி.மீ., .38 ரிவால்வர், .45, .455 எல்லாம் தடை செய்யப்பட்ட போர். பிரிட்டிஷ் தயாரிப்பான பழைய ராணுவ வெப்ளி ரிவால்வர்கள் பல இந்தப் பட்டியலில் வந்துவிடும். சாதாரண வகைக்கு மாவட்ட அளவிலேயே உரிமம் கிடைக்கும். தடை வகை என்றால் கோப்பு மத்திய உள்துறை அமைச்சகம் வரை போக வேண்டும், அது வேறு கதை. உங்களுடையது தடை வகை என்று தெரிந்தால் இந்தக் கட்டுரையோடு நிற்காமல் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

அடுத்தது எண். பழைய துப்பாக்கிகளில் காப்புரிமை எண், பாகத்தின் எண், சோதனைச் சாலை முத்திரை என்று பல இலக்கங்கள் பொறித்திருக்கும். லைசென்ஸ் புத்தகத்தில் அந்தக் காலத்து குமாஸ்தா எதைப் பார்த்து எழுதினாரோ தெரியாது. காப்புரிமை எண்ணையே துப்பாக்கி எண் என்று எழுதியிருப்பார், 3 என்பது 8 ஆகியிருக்கும், பிஸ்டலை ரிவால்வர் என்று குறித்திருப்பார். எண் பொருந்தாவிட்டால் மாற்றம் அங்கேயே நின்றுவிடும். விண்ணப்பிக்கும் முன்பே, டீலரிடம் துப்பாக்கி இருக்கும்போது, அவருடைய ஆர்மரரை (துப்பாக்கி பழுதுபார்ப்பவரை) வைத்துச் சரியான எண்ணை எழுத்தில் வாங்கி, திருத்தக் கோரும் மனுவை விண்ணப்பத்தோடு இணையுங்கள். எண் மங்கலாக இருக்கிறதே என்று பாலிஷ் போட்டுத் தேய்க்கச் சொல்லிவிடாதீர்கள். எண்ணை அழிப்பதே தனிக் குற்றம்.

இன்னொரு பொறி: ‘இது ரொம்பப் பழசு சார், ஆன்டிக், லைசென்ஸே வேண்டாம்’ என்று தைரியம் சொல்ல ஒருவர் எப்போதும் இருப்பார். சட்டத்தின் 45ஆம் பிரிவு தரும் விலக்கு, ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் இனிச் சுடவே முடியாத பழங்கால ஆயுதத்துக்குத்தான். ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால் அது முழுத் துப்பாக்கிதான்.

3. காகிதங்களைச் சேகரியுங்கள்

2016 ஆயுத விதிகளில் வாரிசுகளுக்கென்று தனி விதியே இருக்கிறது. மனைவி, கணவன், மகன், மகள் மட்டுமல்ல, மருமகன், மருமகளும் அதில் வருகிறார்கள். லைசென்ஸ்தாரர் இறந்த பிறகுதான் மாற்ற வேண்டும் என்றும் இல்லை. அவருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே ஒரு வாரிசைச் சொல்லி மாற்றிவிடலாம். பெரியவர் இன்னும் நன்றாக இருக்கிறார் என்றால் இப்போதே அதைச் செய்துவிடுங்கள். பாதி அலைச்சல் குறையும்.

தேவைப்படுபவை இவை:

– இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ். வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாருக்குப் போகும். மையக் கட்டணம் 60 ரூபாய்.
– மற்ற வாரிசுகள் எல்லாரும் கையெழுத்திட்ட ஆட்சேபமில்லா உறுதிமொழி. நோட்டரி முன் போட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் ஓர் அண்ணன் இருந்தால் இதுதான் உங்களை அதிகம் தாமதப்படுத்தப் போகும் காகிதம், முதல் வேலையாக இதைத் தொடங்குங்கள்.
– அசல் லைசென்ஸ், ஒப்படைத்த ரசீது.
– ஆதார், முகவரிச் சான்று, வயதுச் சான்று, வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோக்கள். வயது 21 நிறைந்திருக்க வேண்டும்.
– படிவம் எஸ்-3 மருத்துவச் சான்று. உடல்நலத்தோடு மனநலமும், போதைப் பழக்கம் இல்லை என்பதும் அதில் வரும். தெருமுனை கிளினிக்கில் வாங்கினால் திருப்பி அனுப்புவார்கள். அரசு மருத்துவமனைக்கே போய்விடுங்கள்.
– ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று.
– வீட்டில் பூட்டிய இடத்தில் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி.

இறந்தவரின் லைசென்ஸில் யு.ஐ.என். எனப்படும் தனி அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் ஏற்றியபோது கொடுத்த எண் அது. பெரியவர் கடைசி ஆண்டுகளில் படுக்கையில் இருந்தார், புதுப்பிக்கவே இல்லை என்றால் அந்த எண் இல்லாமல் போயிருக்கலாம். அதை மறைக்காமல், ஏன் புதுப்பிக்கவில்லை என்று மருத்துவக் காகிதங்களோடு ஒரு விளக்கக் கடிதமாகக் கொடுத்துவிடுங்கள். விசாரணையில் அவர்களாகக் கண்டுபிடித்தால் கேள்வியின் தொனியே வேறாக இருக்கும்.

4. விண்ணப்பமும் விசாரணையும்

தனிநபருக்கான விண்ணப்பம் படிவம் ஏ-1. உள்துறை அமைச்சகத்தின் ஆயுத உரிமத் தளத்தில் நிரப்பி, அச்செடுத்து, இணைப்புகளோடு நேரில் கொடுக்க வேண்டும். சென்னை மாநகரத்தில் போலீஸ் கமிஷனர் அலுவலகம், மாவட்டங்களில் கலெக்டர் ஆபீஸ். கொடுத்த தேதியோடு முத்திரை போட்ட நகல் ஒன்றை வாங்காமல் வெளியே வராதீர்கள். பிறகு நீங்கள் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் அந்தத் தேதிதான் ஆதாரம்.

அங்கிருந்து கோப்பு பிரியும். ஒரு பக்கம் காவல்துறை, இன்னொரு பக்கம் வருவாய்த்துறை. காட்டோரம் உங்கள் நிலம் இருந்தால் வனத்துறையும் கேட்கப்படலாம். விதிப்படி காவல்துறை அறிக்கைக்கு 30 நாள், அறிக்கை வந்தபின் முடிவெடுக்க 60 நாள். நடைமுறையில் இது மாதக்கணக்கில் இழுக்கும். ஆறு மாதம் என்று மனதைத் தயார்செய்து கொண்டால் கோபம் வராது. பெரும்பாலும் கோப்பு எங்காவது ஒரு மேசையில் ‘கூடுதல் விவரம் தேவை’ என்று கிடக்கும், உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். மாதம் ஒரு முறை கோப்பு எண்ணைச் சொல்லி, எந்த மேசையில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

விசாரணைக்கு வருபவர் கட்டாயம் கேட்பது: ‘உங்களுக்கு எதற்குத் துப்பாக்கி?’ தோட்டத்தில் தனி வீடு, பணம் எடுத்துப்போகும் தொழில், முன்பு கொடுத்த புகார் என்று எது உண்மையோ அதைச் சொல்லுங்கள், காகிதம் இருந்தால் காட்டுங்கள். ‘அப்பா ஞாபகமாக’ என்பதும் சொல்லக்கூடிய காரணம்தான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு தினமும் இடுப்பில் வைக்க வேண்டும் என்றால் பொருந்தாது. உங்கள் மேல் பழைய வழக்கு ஏதாவது இருந்தால், அது முடிந்துபோனதாகவே இருந்தாலும், விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள். வழக்கைவிட மறைத்ததுதான் அறிக்கையில் பெரிதாக எழுதப்படும்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். உத்தரவு தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ‘ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை’ என்ற ஒற்றை வரி மறுப்பு வந்தால் சோர்ந்துவிடாமல் மேல்முறையீடு செய்யுங்கள்.

5. எதற்கெல்லாம் பணம் போகும்

அரசுக் கட்டணம் இதில் சிறிய பங்குதான். மருத்துவச் சான்று, நோட்டரி, பயிற்சி வகுப்பு, டீலரின் மாத வாடகை, ஆர்மரர் கூலி, உதிரிபாகம், தோட்டா, நல்ல உறை, சுவரில் பதிக்கும் இரும்புப் பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சேரும். இதில் டீலர் வாடகையைத்தான் யாரும் கணக்கில் வைப்பதில்லை. கோப்பு ஓராண்டு இழுத்தால் வாடகையும் ஓராண்டு ஓடும். ஒப்படைக்கும் அன்றே மாதத்துக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

இவ்வளவு செலவழித்துப் பழையதை வைத்துக்கொள்வதா, புதிது வாங்குவதா என்ற யோசனை வரும். 1980களின் நடுவிலிருந்து தனியார் பயன்பாட்டுக்கான இறக்குமதி ஏறக்குறைய மூடப்பட்டதால், அதற்கு முன் வந்த வெளிநாட்டு வெப்ளி, வால்தர், கோல்ட் போன்றவற்றுக்குச் சந்தையில் இன்னமும் மவுசு அதிகம். உள்நாட்டில் அரசு ஆலைகளின் .32 ரிவால்வர்களும் அசானி போன்ற பிஸ்டல்களும் கிடைக்கின்றன. 2014இல் வந்த நிர்பீக் ரிவால்வர் அப்போதே ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். 2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வர், பிஸ்டல்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 40 ஆகிவிட்டது. அதனால் பழையது நல்ல நிலையில் இருந்தால் அதைத் தேற்றுவதே மலிவு. நல்ல நிலையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

6. இரும்பைச் சோதியுங்கள்

லைசென்ஸ் வந்து, துப்பாக்கியை எடுத்த அன்றே சுடாதீர்கள். லைசென்ஸ் பெற்ற ஆர்மரரிடம் பிரித்துச் சோதிக்கக் கொடுங்கள். ‘நம்ம லேத் பட்டறை அண்ணன் இதைவிட நுணுக்கமான வேலையெல்லாம் செய்வார்’ என்று கிளம்பினால், துப்பாக்கி ரிப்பேர் செய்யவும் உரிமம் வேண்டும் என்று 5ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள், அண்ணன் இருவருமே மாட்டிக்கொள்வீர்கள். குழலை வெட்டிச் சுருக்குவது அதைவிடப் பெரிய தப்பு.

ஆர்மரர் பக்கத்தில் நின்று பாருங்கள். பெரும்பாலான பழைய துப்பாக்கிகளில் முதலில் வெளியே வருவது தேங்காயெண்ணெய். வருடம் ஒரு முறை ஆயுத பூஜைக்குத் துடைத்து எண்ணெய் விட்டு வைத்த துப்பாக்கியின் உள்ளே அது மஞ்சள் பிசினாக இறுகியிருக்கும். சுத்தி (விசையை இழுத்ததும் தோட்டாவை அடிக்கும் பாகம்) முழு வேகத்தில் விழாமல் போவதற்குப் பாதி நேரம் ஸ்பிரிங் காரணமில்லை, இந்தப் பிசின்தான். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, துப்பாக்கி எண்ணெய் மட்டும் துளி விட்டால் பத்து வயது குறைந்தது போல் இருக்கும்.

ரிவால்வரில் பார்க்க வேண்டியவை. துப்பாக்கி காலி என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து உறுதி செய்யுங்கள். சுத்தியை மெதுவாக, ரொம்ப மெதுவாக, பின்னுக்கு இழுங்கள். சுத்தி கடைசியில் பூட்டிக்கொள்வதற்குள் தோட்டா அறைகள் உள்ள உருளையும் டக்கென்று நின்று பூட்ட வேண்டும். ஆறு அறைக்கும் இப்படிச் செய்யுங்கள். ஐந்தில் சரியாக நின்று ஒன்றில் தயங்கினால், அந்த ஓர் அறையில் தோட்டா குழலுக்கு நேராக நிற்காது. சுடும்போது ஈயம் பக்கவாட்டில் சீவிக்கொண்டு தெறிக்கும். அடுத்து, சுத்தி பின்னுக்கு இருக்கும்போது உருளையை விரலால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் தேய்மானம். உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி கால் மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது.

நம் ஊரில் அதிகம் காணும் .32 ரிவால்வர்கள் வெப்ளி வடிவத்தில், நடுவில் மடங்கித் திறப்பவை. அவற்றின் உயிர் மேலே இருக்கும் தாழ்ப்பாளில்தான். பூட்டிய பிறகு குழலையும் பிடியையும் இரண்டு கையில் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். தாழ்ப்பாளில் ஆட்டம் தெரிந்தால் அதைத் தோட்டா போட்டுச் சுட வேண்டாம். ஆர்மரர் ‘டைட் பண்ணித் தரேன்’ என்று சுத்தியலால் தட்டிக் கொடுத்தால் சில மாதத்தில் மறுபடி தளரும்.

குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். லேசான புள்ளித் துருவால் குறி கொஞ்சம் சிதறும், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் குழலின் நடுவில் வளையம் போல ஒரு நிழல் தெரிந்தால், எப்போதோ ஒரு குண்டு உள்ளே சிக்கி, அடுத்த குண்டு அதை முட்டித் தள்ளியதில் குழல் புடைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துப்பாக்கி அலமாரிக்குத்தான்.

பிஸ்டலாக இருந்தால் சந்தேகப்பட வேண்டியது மேகசின், அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடு. நிரப்பியே பல வருடம் கிடந்த மேகசினின் உதடுகள் விரிந்திருக்கும், ஸ்பிரிங் சோர்ந்திருக்கும். இரண்டாவது மேகசின் கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்குங்கள். சுட்டதும் பின்னுக்குப் போகும் மேல்பாகத்தை முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை எப்படியும் மாற்றிவிடுங்கள்.

7. கீழே விழுந்தால் சுடுமா?

இதைத் தனியாக எழுதக் காரணம், தினமும் கூடவே வைத்துக்கொள்வதில் உண்மையான ஆபத்து இங்கேதான். இன்றைய ரிவால்வர்களில் விசையை முழுதாக இழுத்தால் ஒழிய சுத்தியின் அடி தோட்டாவைத் தொடாதபடி ஒரு தடுப்பு இருக்கும். பழையவை பலவற்றில் அது இல்லை, அல்லது தேய்ந்திருக்கும். சுத்தி நேராகத் தோட்டாவின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பைக்கில் ஏறும்போது நழுவிக் கீழே விழுந்து சுத்தியில் அடிபட்டால் போதும். இரண்டாம் உலகப் போரில் ஒரு மாலுமி இப்படிக் கீழே விழுந்த ரிவால்வரால் இறந்த பிறகுதான் அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸன் (எஸ் அண்ட் டபிள்யூ) தன் தடுப்பையே மாற்றி அமைத்தது.

உங்களுடையதில் தடுப்பு இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று ஆர்மரரிடம் எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால், ஐந்து தோட்டா மட்டும் போட்டு, சுத்திக்குக் கீழே இருக்கும் அறையைக் காலியாக விடுங்கள். ஒரு தோட்டா குறைகிறதே என்று பேரம் பேசாதீர்கள். பழைய பிஸ்டல்களிலும் இதே கவலை உண்டு. அறையில் தோட்டா ஏற்றாமல் வைப்பதே மேல்.

8. தோட்டா

‘.32’ என்று சொன்னால் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். ரிவால்வருக்கு வருவது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங், பிஸ்டலுக்கு வருவது .32 ஏ.சி.பி. முதலாவதின் பித்தளைக் கூடு சுமார் 23 மி.மீ. நீளம், இரண்டாவது சுமார் 17 மி.மீ. பிஸ்டல் தோட்டா பல ரிவால்வர்களின் அறைக்குள் நழுவிப் போய் உட்கார்ந்துவிடும், சுடவும் செய்யும். ஆனால் அதன் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 20,500 பவுண்டு, ரிவால்வர் தோட்டாவுக்கு 15,000தான். பழைய உருளை அதைத் தாங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. இன்னும் பழைய, குட்டை .32 எஸ் அண்ட் டபிள்யூ ரிவால்வர்கள் சில வீடுகளில் உண்டு. அவற்றில் லாங் நுழையாவிட்டால் துளையைப் பெரிதாக்கச் சொல்லாதீர்கள், அந்த இரும்பு அதற்காகச் செய்யப்படவில்லை.

துப்பாக்கியோடு வந்த பழைய தோட்டாக்களைத் தற்காப்புக்கு வைக்காதீர்கள். தோல் பெல்ட்டின் வளையங்களில் செருகியே வைத்திருந்தால் பித்தளையைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருக்கும். தோலைப் பதப்படுத்திய அமிலத்தின் வேலை அது. அதைச் சுரண்டித் துடைத்துப் போட்டால் அறையில் சிக்கும், வெடித்தாலும் கூடு பிளக்கலாம். ஒப்படைத்துவிட்டுப் புதிது வாங்குங்கள். தோல் உறையையும் இதே காரணத்துக்காக எடுத்துப்போக மட்டும் பயன்படுத்துங்கள், அதற்குள்ளேயே துப்பாக்கியை வைத்துப் பூட்டாதீர்கள்.

ஓர் ஆண்டில் எத்தனை வாங்கலாம், ஒரு நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம் என்பது லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். ஒவ்வொரு முறையும் டீலர் அதில் பதிந்து தருவார். பெட்டியில் அச்சிட்ட உற்பத்தி ஆண்டைப் பாருங்கள், ஒரே பெட்டியில் வெவ்வேறு தொகுப்பு கலந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சுடும்போது இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கை நோக்கியே வைத்து 30 நொடி காத்திருங்கள், தாமதமாகவும் வெடிக்கலாம். வழக்கமான சத்தம் வராமல் ‘புஸ்’ஸென்று போனால் அடுத்த தோட்டாவைச் சுடவே சுடாதீர்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கும்.

9. சுட்டுப் பார்த்து முடிவெடுங்கள்

மாவட்ட ரைபிள் கிளப் ஒன்றில் சேருங்கள். வயலில், மொட்டை மாடியில், பண்டிகைக்கு வானத்தில் சுட்டுப் பார்ப்பது வேண்டாம். கொண்டாட்டத்துக்குச் சுடுவதற்கு 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சுட்டு முடித்த கூடுகளைக் கீழே போடாமல் சேர்த்து வைத்து, அவற்றின் அடியைப் பாருங்கள். சுத்தி குத்திய பள்ளம் எல்லாவற்றிலும் ஒரே ஆழத்தில், நடுவில் இருக்க வேண்டும். சிலவற்றில் மேலோட்டமாக இருந்தால் சுத்தி ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது. ஓரத்தில் குத்தியிருந்தால் உருளை நேராக நிற்கவில்லை.

என் கணக்கு இது: புதுத் தோட்டா இரண்டு பெட்டி, துப்பாக்கியின் குற்றத்தால் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓட வேண்டும். ஒரு முறை தடங்கினால் ஆர்மரரிடம் காட்டி, மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது முறையும் தேறாவிட்டால் தற்காப்பு ஆசையை விட்டுவிடுங்கள். தோட்டா விலையை நினைத்து இந்தச் சோதனையைச் சுருக்குபவர்கள் உண்டு. அப்படிச் சுருக்கினால் அந்தத் துப்பாக்கியை நம்புவதற்கு உங்களிடம் காரணம் எதுவும் இல்லை.

ஒன்று கூடுதலாக. பழைய ரிவால்வரின் விசையை நேராக இழுத்துச் சுட நல்ல விரல் பலம் வேண்டும், குறிமுனை மெல்லிய தகடு போலிருக்கும், அந்தி வெளிச்சத்தில் தெரியாது. உங்கள் மனைவியோ அம்மாவோ பெயரில் லைசென்ஸ் என்றால் அவர்களே இழுத்துப் பார்க்கட்டும். ‘நான் பார்த்தேன், சுலபமாக இருக்கிறது’ என்று நீங்கள் சொல்வது பயன்படாது.

10. வெளியே எடுத்துப்போகும்போது

லைசென்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று பாருங்கள். மாவட்டமா, மாநிலமா என்று அதிலேயே இருக்கும். பெங்களூருக்குப் போகும் வழியில் ஓசூர் தாண்டியதும் அது செல்லாமல் போகலாம். அசல் லைசென்ஸ் எப்போதும் கூடவே இருக்க வேண்டும்.

துப்பாக்கி உறைக்குள், சட்டைக்கு அடியில், வெளியே தெரியாமல் இருக்கட்டும். திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி, கல்லூரி வளாகம் எதற்கும் கொண்டு போகக்கூடாது என்று லைசென்ஸ் நிபந்தனையிலேயே எழுதியிருக்கிறது. நிபந்தனைப் பக்கத்தை வாசித்தவர்கள் குறைவு. கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் வீட்டில் பூட்டிவிட்டே போங்கள். குடிக்கப் போகும் நாளில் பேச்சே இல்லை. விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது. காலியாக்கி, கவுன்டரில் அறிவித்து, பதிவு செய்த பெட்டியில்தான் அனுப்ப வேண்டும், 50 தோட்டாவுக்கு மேல் இல்லை. அந்த நடைமுறைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் அறிவித்ததும் ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வரும். ரசீது வாங்குங்கள், முடிவுகள் வந்தபின் நீங்களாகப் போய்த் திரும்பக் கேளுங்கள், கூப்பிட்டுத் தரமாட்டார்கள்.

சட்டப்படி எப்போது சுடலாம்? 2024 ஜூலை 1 முதல் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது, போலீஸை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை கிடையாது என்ற இரண்டும் முக்கியமான வரம்புகள். மிரட்டுவதற்காக வெளியே எடுத்துக் காட்டுவது தற்காப்பில் சேராது, லைசென்ஸை ரத்து செய்ய அது ஒன்றே போதும். அந்தப் பிரிவுகளைத் தமிழில் ஒரு முறை முழுதாக வாசித்துவிட்டு, புரியாத இடத்தை வக்கீலிடம் கேளுங்கள்.

11. தேறவில்லை என்றால்

ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், வாரிசாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். ஏற்கெனவே இரண்டு இருந்தாலோ, சோதனையில் தேறாவிட்டாலோ விற்றுவிடுங்கள். டீலரிடம் விற்பது சுலபம், விலை குறையும். லைசென்ஸ் உள்ள தனிநபரிடம் விற்றால் நல்ல விலை கிடைக்கும், ஆனால் மாவட்ட அதிகாரிக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்ற வேண்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு ‘நீங்கள் எடுத்துப்போங்கள், காகிதம் பிறகு பார்க்கலாம்’ என்பது வேண்டவே வேண்டாம். விற்ற பிறகு உங்கள் லைசென்ஸில் அந்த ஆயுதத்தை நீக்கிப் பதிந்து வாங்குங்கள்.

வைத்துக்கொள்வதாக இருந்தால் லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும். முடியும் தேதியைப் போனில் குறித்து, இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள். அப்போது துப்பாக்கியையும் நேரில் காட்டச் சொல்லலாம், எண் தெரியும்படி துடைத்து எடுத்துப்போங்கள்.